ஒல்லாந்துக் கடலோவியங்களில் கலமும் சேய்மையும்

சேய்மையிலுள்ள பொருள் சிறுத்துத் தோன்றுவதோடு மங்கியும் தோன்றும். இடைப்பட்ட காற்றும் அதிற் கலந்த நுண்ணிய நீர்த்துளிகளும் ஒளியைச் சிதறச் செய்தலே இதற்குக் காரணமாம். கருமை வெளிறும், வெண்மை ஒளி குன்றும், ஈற்றில் இரண்டும் வானின் நிறத்தோடு ஒன்றும். இவ்வியல்பினால் ஓவியத்தில் தொலைவைப் புலப்படுத்துதலைக் காற்றுவெளித் தோற்றமுறை என ஈண்டுக் குறிப்போம். ஒல்லாந்துக் கடலோவியத்தில் அஃது இடம்பெற்ற வரலாற்றை ஆராய்வோம்.

இம்முறையை விளக்கிய லியொனார்தோவின் ஓவியநூல் அச்சேறியது 1651இல்தான். எனினும், ஹார்லெம் நகரில் வாழ்ந்த வான் மாண்டர், 1604இல் வெளிவந்த தம் நூலில், சேய்மைப் பொருள்கள் காற்றோடு மயங்குதலைச் சுட்டியுள்ளார். ஆகவே, அந்நகரத்து ஓவியர்க்கு இக்கருத்துப் புதிதன்று. ஆயினும், அந்நகரத்தவரான வ்ரூம் (மறைவு 1640) தீட்டிய கடற்காட்சிகளில் அடிவானம் உயர்ந்து நிற்கின்றது. கொடியும் கயிறும் தெளிவாக விளங்குகின்றன. 1588ஆம் ஆண்டின் ஸ்பானியக் கடற்படைப் போரைக் காட்டும் திரைச்சீலைகளுக்கு வரைவு அளித்தவர் இவரே. இன்ன கலம் என அடையாளங் காட்டுதலே அவர் மேற்கொண்ட பணி. மங்கிய கலம் அதற்கு உதவாது. எனவே, அவர் இம்முறையை மிகுதியாகக் கையாளாமைக்கு அறியாமை காரணமன்று. அவர் எடுத்துக்கொண்ட பொருளே காரணம் எனலாம்.

போர்செல்லிஸ் (மறைவு 1632) போர்க்கலத்தை விடுத்து மீன்பிடி படகை மேற்கொண்டார். அடிவானத்தைத் தாழ்த்தினார், படத்தின் பெரும்பகுதி வானாயிற்று. சாம்பலும் பழுப்புமே அவர்தம் முதன்மை நிறங்கள். அண்மையில் ஒரு படகு கருமையுற்று நிற்கும். இடையில் ஒன்று சாம்பல் நிறங்கொள்ளும். சேய்மையிலுள்ள பாய் வெளிறிய தீற்றலாய் எஞ்சும். நிலக்காட்சியில் மரமும் வழியும் தொலைவை அளந்து காட்டும். திறந்த கடலில் அவை இல்லை. ஆதலின் படகே அளவுகோலாயிற்று.

விரைந்தும் மலிவாகவும் வரையவேண்டிய நிலையே நிறச்சுருக்கத்திற்குக் காரணம் என்பாரும் உளர். போர்செல்லிஸ் 1615இல் ஆண்ட்வெர்ப்பு நகரில், 20 வாரங்களில் 40 கடற்படங்கள் வரைந்து தர உடன்பட்டமை இக்கூற்றுக்கு அரணாகும். ஆயினும், நிறம் குறைந்தமையை விளக்கும் இக்காரணம், படகுகளைக் கருமை முதல் வெண்மை வரை நிரல்பட நிறுத்தியமையை விளக்காது. அந்நிரல் கண்ணாற் கண்டு தேர்ந்த கலைஞனின் முடிபு என்பதே நம் துணிபு.

பின்வந்தோர் இதனை நன்குணர்ந்தனர். சாயத்தொழிற் செல்வரும் ஓவியருமாகிய வான் தே கப்பெல்லே (மறைவு 1679) போர்செல்லிசின் படங்கள் பலவற்றைத் தொகுத்து வைத்திருந்தார். அவர்தம் ஓவியங்களிலோ நீரும் வானும் ஒளியால் ஒன்றுபடுகின்றன. ஒரு கலைமுறை கருத்தளவில் அறியப்படுதல் வேறு. தனக்கேற்ற பொருளைப் பெற்று வாழ்வு பெறுதல் வேறு. இம்முறைக்கு அப்பொருளாய் அமைந்தது எளிய மீன்பிடி படகே என்க.