திண்மநிலை ரிலேயின் வரலாறும் தென்கோடிக் காற்றாலைகளும்

திண்மநிலை ரிலே என்பது சிறிய கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தைக் கொண்டு பெரிய மின்சுமையை இயக்கவும் நிறுத்தவும் பயன்படும் மின்னணுக் கருவியாகும். இதில் அசையும் பாகங்கள் இல்லை.

தோற்றம்

மின்காந்தத்தால் இயங்கும் ரிலேயை 1835-இல் அமெரிக்க அறிவியலாளர் ஜோசப் ஹென்றி உருவாக்கினார். அதன் உலோகத் தொடுமுனைகள் பிரியும்போது தீப்பொறி எழுவதால் அவை தேய்கின்றன. கடலோர உப்புக்காற்றும் அவற்றை அரிக்கிறது. 1957-இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் உருவாக்கிய தைரிஸ்டர், தொடுமுனை இல்லாமலே பெரும் மின்னோட்டத்தை இயக்க வழிசெய்தது. 1960-களில் டிரையாக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி.யும் வந்தன. இவற்றை இணைத்து, 1970-களில் திண்மநிலை ரிலேக்கள் விற்பனைக்கு வந்தன.

செயல்படும் முறை

கட்டுப்பாட்டுப் பக்கத்திலுள்ள எல்.இ.டி. ஒளிர்ந்ததும், எதிரேயுள்ள ஒளியுணரி தைரிஸ்டரை இயக்குகிறது. இரு பக்கங்களுக்கும் இடையே ஒளி மட்டுமே கடப்பதால், உயர் மின்னழுத்தம் கட்டுப்பாட்டுச் சுற்றுக்குள் நுழைவதில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நொடிக்கு 100 முறை சுழியத்தைக் கடக்கிறது. அந்தக் கணத்தில் சுமையை இணைக்கும் வகை ரிலேக்களில் மின் இரைச்சல் குறைவு.

காற்றாலைகளில்

தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986-இல் தூத்துக்குடியில் 55 கிலோவாட் ஆலைகளுடன் தொடங்கியது. பின்னர் முப்பந்தலிலும், உவரியை அடுத்த இராதாபுரம் வட்டாரத்திலும் காற்றாலைகள் பெருகின. நிலைவேகக் காற்றாலையின் தூண்டல் மின்னாக்கியை நேரடியாக இணைத்தால், வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாயும். கிராமப்புற மின்தடத்தில் அழுத்தம் சரியும். பற்சக்கரப் பெட்டியும் அதிரும். இதைத் தவிர்க்க, எதிரெதிராக இணைத்த தைரிஸ்டர்கள் மின்னோட்டத்தைப் படிப்படியாக உயர்த்துகின்றன. சில நொடிகளில் உலோகத் தொடுமுனை கொண்ட கான்டாக்டர் மூடிக்கொண்டு சுமையை ஏற்கிறது. தைரிஸ்டரில் ஏறத்தாழ 1 வோல்ட் இழக்கப்பட்டு வெப்பமாவதே இதற்குக் காரணம். பழைய கருவியைப் புதியது அகற்றிவிடவில்லை. இரண்டும் வேலையைப் பகிர்ந்துகொண்டன.

பாதுகாப்பு

திண்மநிலை ரிலே தரும் பிரிப்பு, கட்டுப்பாட்டுச் சுற்றுக்கும் மின்சுமைக்கும் இடையிலானது மட்டுமே. அணைத்த நிலையிலும் சில மில்லிஆம்பியர் கசியலாம். பழுதடையும்போது பெரும்பாலும் இணைந்த நிலையிலேயே நின்றுவிடும். வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடு இல்லாவிட்டால் அந்த ஆபத்து கூடும். எனவே பழுதுபார்ப்பவர் ரிலேயை நம்பாமல், முதன்மைச் சுவிட்சைத் திறந்து பூட்டி, மின்சாரம் இல்லையெனக் கருவியால் சோதித்த பின்பே கை வைக்க வேண்டும்.