சத்திரம் இருக்கிறது, சமாரியர் எங்கே?
குண்டூர் புனித சூசையப்பர் மருத்துவமனை தரும் பாடம்



ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11ஆம் நாள், லூர்து அன்னையின் திருநாளன்று, திருஅவை உலக நோயாளர் நாளைக் கடைப்பிடிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் ஏற்படுத்திய இந்நாள் 1993 முதல் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று நம் பங்கில் நோயாளிகளுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம், நோயில்பூசுதல் வழங்குகிறோம். ஆனால் கத்தோலிக்க மருத்துவமனைகள் ஏன் தோன்றின, எவரை மனத்தில் கொண்டு தோன்றின என்று நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இதற்கு விடை தேடும்போது, குண்டூரில் உள்ள புனித சூசையப்பர் மருத்துவமனையின் வரலாறு நமக்குப் பெரிதும் உதவுகிறது. குண்டூர் இன்று ஆந்திராவில் இருந்தாலும் அந்நியமான ஊர் அல்ல. 1928 வரை அது நம் சென்னை உயர்மறைமாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

மூடியிருந்த கதவு

நூறு ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டில் மருத்துவமனைகளே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஆண் மருத்துவர் தம்மைப் பரிசோதிப்பதைப் பல குடும்பத்துப் பெண்கள் ஏற்கவில்லை, குடும்பத்தாரும் அனுமதிக்கவில்லை. பேறுகாலத்தில் தாயும் சேயும் வீட்டுக்குள்ளேயே இறந்துபோயினர். பெண் மருத்துவர்கள் மிகச் சிலரே. அருட்சகோதரிகள் மருத்துவம் பயின்று இப்பணியை ஏற்றிருக்கலாம். ஆனால் துறவறத்தார் மருத்துவராகப் பணியாற்றுவதற்கு, குறிப்பாக மகப்பேறு மருத்துவத்தில் ஈடுபடுவதற்கு, திருஅவையின் சட்டம் அன்று தடையாக இருந்தது.

இத்தடையை நீக்கும்படி உரோமையில் மீண்டும் மீண்டும் மன்றாடியவர் ஆக்னஸ் மெக்லாரன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர். அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்கரானவர். இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை எழக் காரணமானவர். தம் விண்ணப்பம் நிறைவேறுவதைக் காணாமலே 1913இல் இறந்தார்.

ஒரு சிறு நூல் செய்த வேலை

மெக்லாரனைப் பற்றிய ஒரு சிறு நூலை 1915இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒரு இளம் மருத்துவர் வாசித்தார். அவர் பெயர் மேரி குளோரி. 1887இல் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். மெல்போர்னில் அவருக்கு நல்ல பெயரும் தொழிலும் இருந்தன. அந்த வாசிப்பு அவரது வாழ்வின் திசையையே மாற்றியது. மகப்பேறு, பெண்கள் நலம், கண் மருத்துவம் ஆகியவற்றில் 1919இல் உயர்பட்டம் பெற்றார். மறு ஆண்டே கப்பலேறி, 1920 பிப்ரவரி 12ஆம் நாள் குண்டூர் வந்து சேர்ந்தார்.

அங்கு ஏற்கெனவே மருத்துவப் பணி செய்துவந்த இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து, திருஇருதய மரியா என்ற துறவறப் பெயரை ஏற்றார். துறவியாக இருந்துகொண்டே மருத்துவம் செய்யத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அவருக்குத் தனி அனுமதி அளித்தார். எல்லாத் துறவற சபையினருக்கும் அந்த வழி திறந்தது 1936 பிப்ரவரி 11ஆம் நாள்தான். அதுவும் லூர்து அன்னையின் திருநாளே!

சிறு மருந்தகமாக இருந்த பணி அவரது உழைப்பால் புனித சூசையப்பர் மருத்துவமனையாக வளர்ந்தது. இலட்சக்கணக்கானோர் அங்குக் குணம் பெற்றனர். ஆனால் அவர் நோயாளிகள் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. கிராமங்களுக்குத் தேடிச் சென்றார். தாம் ஒருவரே எல்லாரையும் எட்ட முடியாது என்பதை உணர்ந்து, உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகவும் மருத்துவச்சிகளாகவும் மருந்து கலந்து கொடுப்பவர்களாகவும் பயிற்றுவித்தார். நம் நாட்டு மூலிகை மருத்துவத்தையும் ஆர்வத்துடன் கற்றார்.

1943இல் அவர் தலைமையில் ஒருசில அருட்சகோதரிகள் கூடி, இன்று இந்திய கத்தோலிக்க நலவாழ்வுக் கழகம் எனப்படும் அமைப்பைத் தொடங்கினர். இன்று 3,500க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் உள்ளன. பெரும்பாலானவை சிற்றூர்களில் இயங்கும் சிறு மருந்தகங்களும் நலவாழ்வு மையங்களுமே. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பதும் அவரது கனவு. 1957 மே 5ஆம் நாள் பெங்களூரில் அவர் இறந்தார். ஆறு ஆண்டுகளுக்குப் பின், அதே நகரில், 1963இல் புனித யோவான் மருத்துவக் கல்லூரி பிறந்தது. 2013இல் திருஅவை அவரை இறை ஊழியராக அறிவித்தது.

நம் ஊரில் இன்று

குத்தம்பாக்கத்தில் இருக்கும் நமக்கு இவ்வரலாறு என்ன சொல்கிறது? பெங்களூர் நெடுஞ்சாலையில் இரு பக்கமும் மருத்துவமனைப் பலகைகள் தெரிகின்றன. பூந்தமல்லியில் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆயினும் நோயாளிகளைச் சந்திக்க வீடுகளுக்குச் செல்லும்போது நான் காண்பது வேறு. துணைக்கு வர ஆளில்லாததால் கண்புரையைத் தள்ளிப்போடும் பாட்டி. மார்பில் கட்டி இருப்பதை மகனிடம் சொல்லக் கூசும் தாய். ஒருநாள் கூலி போய்விடுமே என்று காய்ச்சலோடு வேலைக்குப் போகும் தகப்பன். சீட்டு எங்கே வாங்குவது என்று கேட்க மொழி தெரியாத வடமாநிலத் தொழிலாளி. இவர்களுக்கும் கதவு மூடித்தான் இருக்கிறது. அன்று அது வழக்கத்தின் கதவு. இன்று அது பயம், கூச்சம், தனிமை, பணம்.

கத்தோலிக்க மருத்துவமனையும் கட்டணம் வாங்காமல் நடக்க இயலாது. கருவிகளுக்கும் மருந்துக்கும் ஊழியர்களுக்கும் செலவு உண்டு. ஆனால் அது தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம்மிடம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைவிட, யார் வர முடியவில்லை என்பதே அக்கேள்வி. அது மருத்துவமனைகளுக்கு மட்டுமல்ல, பங்குகளுக்கும் உரியது.

நல்ல சமாரியர் உவமையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவர் சத்திரம் கட்டவில்லை. சத்திரம் முன்பே இருந்தது; பராமரிக்க ஆளும் இருந்தார். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் ஒருவர் தேவைப்பட்டார்.

நம் அன்பியங்கள் இதைச் செய்யலாமே! ஒவ்வொரு அன்பியத்திலும் இருவர் முன்வந்தால் போதும். வாரத்தில் ஒரு காலைப்பொழுது ஒரு நோயாளியோடு பேருந்தில் சென்று, வரிசையில் நின்று, சீட்டு வாங்கி, காப்பீட்டு அட்டைக்கு உதவி, மருந்து உண்ணும் முறையைக் கேட்டு, வீட்டில் கொண்டுவந்து விடலாம். அவர் எந்த மதத்தவர் என்று கேட்க வேண்டாம். குண்டூரிலும் யாரும் கேட்கவில்லை.

இந்த வாரம் உங்கள் தெருவில் மருத்துவரிடம் போகாமல் இருப்பவர் யார்? அவர் வீட்டுக் கதவைத் தட்டுவோம். இறைவன் நம் முயற்சியை ஆசீர்வதிப்பாராக!