வரைபடம் கைமாறிய வரலாறு



தாளில் வரைந்த பழைய நிலப்படத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். மூலையில் வடக்கைக் காட்டும் குறியும், அடியில் அளவுகோலும் வரையப்பட்டிருக்கும். மழைக்காலத்து ஈரத்தில் தாள் சற்றே விரிந்தாலும் கெடுதல் பெரிதில்லை. படத்தோடு அளவுகோலும் சேர்ந்தே விரியும். படத்தைப் படிக்க வேண்டிய செய்தி படத்திலேயே இருந்தது. கணிப்பொறியில் வரையும் படத்திலோ அச்செய்தி கோப்புக்குள் மறைந்து நிற்கிறது. சில வேளைகளில் இல்லாமலே போகிறது. அதனால் விளைந்த இடர்ப்பாடுகளையே இன்று கூறப் புகுகின்றேன்.

1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாந்து என்பவர், ஒளிப்பேனாவினால் திரையில் படம் வரையும் 'ஸ்கெட்ச்பேட்' முறையைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். பின்னர் வரைவு மென்பொருள்கள் பல தோன்றின. ஒவ்வொன்றும் தனக்கே உரிய முறையில் படத்தை எழுதி வைத்தது. இங்கே ஒரு சிறு கணக்கு. பத்து மென்பொருள்கள் தம்முள் நேரே படம் மாற்றிக்கொள்ளத் தொண்ணூறு மாற்று நிரல்கள் வேண்டும். பொதுவடிவம் ஒன்று இருக்குமாயின், எழுத ஒன்று, படிக்க ஒன்று என இருபதே போதும். இந்நோக்கத்துடன் 1980இல் அமெரிக்கத் தரநிலைப் பணியகம் 'ஐஜெஸ்' என்னும் பொதுவடிவத்தை வெளியிட்டது. ஆயினும் ஒரே வளைகோட்டைப் பல விதமாக எழுத அது இடம் தந்தது. ஒருவர் எழுதிய விதம் மற்றவருக்குப் புரியாவிடில் வளைவு வந்து சேராது.

1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேட், 'டி.எக்ஸ்.எஃப்.' என்னும் வடிவத்தைத் தந்தது. அதில் எண் இருக்கும். அந்த எண் அங்குலமா, மில்லிமீட்டரா என்பது திட்டமாக இராது. அலகைக் குறிக்கப் பிற்காலத்தில் இடம் ஏற்பட்டது. அவ்விடத்தைச் சுழியமாக விட்டுவிடுவோரும் உளர்.

எங்கள் இராஜாக்கமங்கலத்தில் இது ஏட்டளவான பேச்சு அன்று. நாஞ்சில் நாட்டார் நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசுவர். பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். கொத்தனார் அடி, அங்குலம் என்பார். பொறியாளர் மில்லிமீட்டரில் வரைவார். நாற்பது அடிச் சுவரை அங்குலத்தில் வரைந்தால் கோப்பில் 480 என நிற்கும். பெறுபவரின் கணிப்பொறி அதை மில்லிமீட்டராகக் கொண்டால், சுவர் அரை மீட்டருக்கும் குறைந்துவிடும். இவ்வளவு பெரிய பிழை உடனே புலப்பட்டுவிடும். புலப்படாத பிழைக்கே அஞ்ச வேண்டும்.

ஐரோப்பாவின் ஏர்பஸ் நிறுவனத்துக்கு நேர்ந்தது அத்தகையது. ஏ380 என்னும் மாபெரும் விமானம் ஒன்றினுள் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் மின்கம்பி ஓடுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 'கேட்டியா' மென்பொருளின் நான்காம் பதிப்பிலும், பிரான்சின் துலூசில் ஐந்தாம் பதிப்பிலும் வேலை நடந்தது. பெயர் ஒன்றே, ஆனால் ஐந்தாம் பதிப்பு புதிதாகவே எழுதப்பட்டது. கம்பிக் கட்டுகளைத் துலூசில் விமான உடலில் பொருத்த முயன்றபோது அவை இணங்கவில்லை. 2006 அக்டோபரில், விமானங்களின் ஒப்படைப்பு ஏறக்குறைய இரண்டு ஆண்டு பிந்தும் என்றும், 2010 வரை 480 கோடி யூரோ இலாபம் குறையும் என்றும் அறிவித்தனர். முதல் விமானம் 2007 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்சிடம் சேர்ந்தது. இதற்கு மென்பொருளை மட்டும் பழிப்பது முறையன்று என்பது என் கருத்து. வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்ய விட்டவர்கள் மனிதர்களே அல்லவா?

தமிழருக்கு வேறொரு தொல்லையும் உண்டு. முன்னாளில் நம் எழுத்துருக்கள் பலவும் உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை ஏற்றி வைத்தன. அதுவும் ஆளுக்கொரு வரிசையில். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டில் குறியீட்டு ஒழுங்குக்கு முயற்சி நடந்தது. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. ஆயினும் பழைய படங்கள் பழைய எழுத்துருவிலேயே கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் வட்டம் வட்டமாகவே வரும். அது கிணறா, தண்ணீர்த் தொட்டியா என்று சொல்ல ஆளில்லை.

படம் உங்கள் கைக்கு வந்ததும், நீளம் தெரிந்த ஒரு சுவரை முதலில் அளந்து பாருங்கள். எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்று அனுப்பியவரைக் கேளுங்கள். தாளில் அச்சிட்ட படி ஒன்றையும் உடன் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் கிணறு என்பது கிணறு என்றே எழுதியிருக்கும்.