அமெரிக்க முன்னாள் படைவீரர்களின் மூட்டு, முதுகுப் பாதிப்பு இழப்பீடு

படைப்பணியின்போது உடல் பாதிப்புக்கு உள்ளான முன்னாள் வீரர்களுக்கு அமெரிக்க அரசு மாதந்தோறும் இழப்பீடு வழங்குகிறது. கை, கால் இழந்தவரின் பாதிப்பு கண்ணுக்குத் தெரியும். சுமை தூக்கியும் நெடுந்தூரம் நடந்தும் தேய்ந்துபோன முழங்காலும் முதுகும் அவ்வாறு தெரிவதில்லை. ஆகவே வலியை எப்படி அளப்பது என்பதே இவ்வகைக் கோரிக்கைகளின் நீண்டகாலச் சிக்கலாகும்.

வரலாறு

விடுதலைப் போர் நடந்த 1776ஆம் ஆண்டிலேயே, ஊனமுற்ற வீரர்களுக்குப் பாதிச் சம்பளம் தர அமெரிக்கப் பேரவை உறுதியளித்தது. உள்நாட்டுப் போரின்போது இயற்றப்பட்ட 1862ஆம் ஆண்டுச் சட்டம், முற்றிலும் உழைக்க இயலாத சாதாரண வீரருக்கு மாதம் 8 டாலர் வழங்கியது. காயங்களோடு மூட்டுவாதமும் அக்காலக் கோரிக்கைகளில் அடிக்கடி இடம்பெற்றது. 1917இல் ஒரு முக்கிய மாற்றம் வந்தது. பாதிப்பால் சராசரியாக எவ்வளவு வருவாய்த் திறன் குறையும் என்பதை விழுக்காட்டில் கணக்கிடும் முறை தொடங்கியது. இன்றைய மதிப்பீட்டு அட்டவணை 1945ஆம் ஆண்டின் அட்டவணையிலிருந்து வளர்ந்ததாகும்.

மதிப்பிடும் முறை

விண்ணப்பிப்பவர் பொதுவாக மூன்றைக் காட்ட வேண்டும்: இப்போதுள்ள பாதிப்பு, பணிக்கால நிகழ்வு அல்லது காயம், இரண்டுக்கும் இடையிலான தொடர்பு. சாதக, பாதகச் சான்றுகள் சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலன் வீரருக்கே உரியது.

மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பதை மருத்துவர் கோணமானியால் அளக்கிறார். நடுமுதுகும் கீழ்முதுகும் முன்னோக்கி 30 பாகைக்கு மேல் வளையாவிட்டால் 40 விழுக்காடும், 30க்கு மேல் 60 வரை மட்டுமே வளைந்தால் 20 விழுக்காடும் கிடைக்கும்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

கோண அளவு முழு உண்மையையும் சொல்லிவிடாது. காலையில் நன்றாக மடங்கும் முழங்கால், மாலையில் படியேற மறுக்கலாம். வலியாலும் சோர்வாலும் ஏற்படும் செயல்குறைவையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 1995இல் டெலூக்கா வழக்கில் தீர்ப்பானது.

ஆயினும் 1999ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, காரணமான நோய் கண்டறியப்படாத வெறும் வலி இழப்பீட்டுக்குரிய பாதிப்பாகாது என்றது. இதனால் பல கோரிக்கைகள் தள்ளுபடியாயின. 2018இல் சாண்டர்ஸ் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்நிலையை மாற்றியது. அவ்வழக்கில் இராணுவத்தில் பணியாற்றிய பெண் ஒருவரின் முழங்கால்களில் உடற்கூற்றுக் கோளாறு எதுவும் காணப்படவில்லை. ஆனால் அவரால் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க இயலவில்லை. உடலின் செயலைக் குறைக்கும் வலியும் பாதிப்பே என நீதிமன்றம் ஏற்றது. வலிக்கிறது என்று சொல்வது மட்டும் போதாது, அது செயலைத் தடுப்பதையும் காட்ட வேண்டும் என்றும் அது தெளிவுபடுத்தியது.