அரசு வக்கீல் டூ ஃபெடரல் ஜட்ஜ்: அமெரிக்காவில் நீதிபதி ஆவது எப்படி?

அமெரிக்காவில் ஃபெடரல் நீதிபதி ஆக போட்டித் தேர்வு கிடையாது. வயது வரம்பும் இல்லை. சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூட அரசியலமைப்பில் எழுதப்படவில்லை. ஆனா, அந்த நாற்காலிக்கு வந்த பலரும் முன்பு அரசுத் தரப்பில் குற்ற வழக்குகளை நடத்திய வக்கீல்கள்தான். ஏன் அப்படி?

முதல் படி என்ன?

சட்டப் படிப்பு முடித்து, மாகாண அளவில் மாவட்ட அட்டர்னி அலுவலகத்திலோ, மத்திய அரசின் யுஎஸ் அட்டர்னி அலுவலகத்திலோ உதவி வக்கீலாகச் சேர்வது வழக்கம். சின்ன வயதிலேயே ஜூரி முன்பு வாதாடும் அனுபவம் கிடைக்கும். போலீஸ், நீதிமன்றம், அரசியல் வட்டாரம் என எல்லா இடத்திலும் பெயர் தெரியவரும்.

யார் தேர்வு செய்கிறார்கள்?

* மாவட்ட நீதிமன்றம் என்றால், பெரும்பாலும் அந்த மாகாண செனட்டர்கள் பெயரைப் பரிந்துரைப்பார்கள்.
* எஃப்பிஐ பின்னணி விசாரணை நடத்தும். அதிபர் நியமனத்தை அறிவிப்பார்.
* செனட் நீதித்துறைக் குழு நேரில் கேள்வி கேட்கும்.
* செனட் வாக்கெடுப்பில் சாதாரணப் பெரும்பான்மை கிடைத்தால் போதும்.

பதவி ஆயுள் முழுக்க! தவறு செய்தால் நாடாளுமன்றத்தின் பதவி நீக்க நடவடிக்கை மூலம்தான் அகற்ற முடியும்.

இந்தப் பாதையில் வந்தவர்கள்

சோனியா சோட்டோமேயர் 1979-ல் மன்ஹாட்டன் மாவட்ட அட்டர்னி அலுவலகத்தில் சேர்ந்தார். 1992-ல் ஃபெடரல் மாவட்ட நீதிபதி, 1998-ல் மேல்முறையீட்டு நீதிபதி, 2009-ல் உச்ச நீதிமன்ற நீதிபதி. சாமுவேல் அலிட்டோ நியூஜெர்சியின் யுஎஸ் அட்டர்னியாக இருந்து, 1990-ல் நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார். 2006-ல் உச்ச நீதிமன்றம்.

இது ஒன்றே வழி அல்ல. நெல்லையைப் பூர்வீகமாகக் கொண்ட ஸ்ரீ சீனிவாசன், உச்ச நீதிமன்றத்தில் அரசுக்காக வாதாடும் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் பணியாற்றியவர். 2013-ல் 97-0 என்ற வாக்குகளில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிபதி ஆனார்.

சரி, இதில் என்ன சிக்கல்?

நேற்று வரை தண்டனை கேட்டவர், இன்று தண்டனை கொடுக்கும் இடத்தில் இருக்கிறார். தான் அரசு வக்கீலாகப் பங்கேற்ற வழக்கை ஃபெடரல் நீதிபதி விசாரிக்கக் கூடாது என்பது சட்டம். மாகாண நீதிபதிகளுக்கும் இதில் எல்லை உண்டு. பிலடெல்பியாவில் 1986-ல் ஒருவருக்கு மரண தண்டனை கேட்க ஒப்புதல் தந்தவர் ரொனால்ட் கேஸ்டில். பின்னர் பென்சில்வேனியா தலைமை நீதிபதியாகி, அதே வழக்கிலிருந்து விலக மறுத்தார். அது தவறு என 2016-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

வழக்கை விட்டு விலகலாம். பழகிய பார்வையை விட்டு விலக முடியுமா? அதனால்தான், வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் அரசு ஊதிய வக்கீல்களும் நீதிபதிகளாக வர வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2022-ல் கேதான்ஜி பிரவுன் ஜாக்சன், அந்தப் பின்னணியிலிருந்து உச்ச நீதிமன்றம் சென்ற முதல் நீதிபதி ஆனார். உச்ச நீதிமன்றத்தின் 9 நாற்காலிகளில் எதிர்த்தரப்பு மேசையின் அனுபவமும் இப்போது உட்கார்ந்திருக்கிறது.