வெள்ளமும் வன்னிக் கமக்காரரும்

வன்னி நாடு குளங்களால் வாழும் நாடு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மாரி குளங்களை நிரப்ப, அந்நீரை நம்பிக் காலபோகம் செய்யப்படுகிறது. மழை பொய்த்தால் பயிர் கருகும். அளவு கடந்தால் குளம் உடைந்து வயல் மூழ்கும். அவ்வாறு விளைவு அழிந்த ஆண்டில் கமக்காரருக்கு அரசு என்ன செய்தது என்னும் வினா மிகப் பழையது. அதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன.

ஆங்கிலேயர் ஆட்சியில் நெல்வரி இருந்த காலத்திலே, அரசு கொடுப்பதைப் பற்றியன்று, கேட்பதைக் குறைப்பதைப் பற்றியே பேச்சு எழுந்தது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அவ்வரி கமக்காரர்மீது பெருஞ்சுமையாயிற்று. மலைநாட்டின் வலப்பனையில் வரி செலுத்த இயலாதோர் தம் காணிகளையே இழந்தனர். பெருங்கண்டனம் எழுந்தபின் 1892இல் நெல்வரி ஒழிக்கப்பட்டது.

அடுத்து அரசின் கவனம் குளங்களின்பாற் சென்றது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வேலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடைபெற்றது. பின்னர், 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற குடும்பங்கள் கிளிநொச்சிப் பகுதியில் காடு வெட்டிக் கழனியாக்கின. குளம் வறட்சிக்கு மருந்தாயிற்று. வெள்ளத்துக்கோ அது முழு மருந்தாகவில்லை.

1957ஆம் ஆண்டு இறுதியில் உலர்வலயத்தைப் பெருவெள்ளம் தாக்கிற்று. நெற்பயிர்க் காப்புறுதி 1958இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டு, 1961இல் சட்டமாயிற்று. மூன்றாண்டுகளின் பின், 1964 டிசம்பர் 22ஆம் நாள், திருகோணமலைப் பக்கமாய்க் கரையேறிய சூறாவளி வடபகுதியை ஊடறுத்துச் சென்றது. 1973இல் கமத்தொழில் காப்புறுதிச் சபைக்கான சட்டம் வந்தது. காப்புறுதியினால் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. தவணைப் பணம் கட்டியவர் இரந்து நிற்பவரல்லர். தமக்கு உரியதைக் கேட்பவர்.

ஆயினும், உரிமையைக் கேட்பதற்கு ஆவணம் வேண்டும். காணி யாருடையது, பயிர் செய்தவர் யார், எத்தனை ஏக்கர் அழிந்தது என்பவற்றை இடாப்பும் அனுமதிப்பத்திரமுமே சான்றாகக் காட்டுகின்றன. போர்க்காலத்தில் ஊரூராக இடம்பெயர்ந்து, 2009க்குப் பின் மீண்டும் வந்து குடியேறியவர்களுள் பலர் அப்பத்திரங்களை இழந்திருந்தனர். குத்தகைக்குப் பயிர் செய்தவரின் நிலை இன்னும் இக்கட்டானது: உழைப்பும் கடனும் அவருடையன, பத்திரத்தில் உள்ள பெயரோ வேறொருவருடையது.

இதன் தாற்பரியம் அண்மைக்கால வெள்ளங்களில் நன்கு விளங்கும். புனரமைக்கப்பட்ட இரணைமடு 2018 டிசம்பர் தொடக்கத்தில் திறந்துவைக்கப்பட்டது. அம்மாதம் 21ஆம், 22ஆம் நாள்களிற் பெய்த பெருமழையால் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடாயின. 2024 நவம்பர் இறுதியில் மீண்டும் பெருவெள்ளம் வந்தபோது, நெல் முதலிய பயிர்களுக்கு ஏக்கருக்கு ஆகக் கூடியது 40,000 ரூபாய் நட்டஈடு வழங்க அரசு தீர்மானித்தது.

கமக்காரர் கமநல சேவை நிலையத்துக்கு அழிவை அறிவிக்க வேண்டும். அலுவலர் வயலுக்கு வந்து பார்க்க வேண்டும். மதிப்பீடு முடிந்த பின்னரே பணம் வங்கிக் கணக்கைச் சேரும். பொதுப்பணம் வீணாகாமைக்கு இவ்வொழுங்கு அவசியமே. ஆனால், வெள்ளம் வடிந்த வயல் மதிப்பீட்டுக்காகக் காத்திராது. மறுவிதைப்புக்கு விதைநெல்லும் உழவுகூலியும் சில நாள்களுக்குள் வேண்டும். பருவம் தவறி வரும் பணம் பழைய கடனை அடைக்கலாம். புதிய பயிரை எழுப்பாது.

வரிக்குறைப்பு, குளத் திருத்தம், காப்புறுதி, நட்டஈடு என அரசின் கை படிப்படியாக நீண்டு வந்துள்ளது. அக்கை வயலில் இறங்கி உழைத்தவரையே சென்றடைகிறதா, விதைக்கும் காலத்துக்குள் சென்றடைகிறதா என்னும் இரு வினாக்கள் எஞ்சியுள்ளன. உதவியின் பெறுமதியைத் தொகை மட்டும் காட்டாது. வெள்ளம் வடிந்த வயலில் மறுபடியும் நாற்றுப் பச்சை தெரிகிறதா என்பதே காட்டும்.