சிற்றூரும் சிற்றலையும்

வரலாறு என்றதும் அரசர்களின் பெயர்களும் போர் நடந்த ஆண்டுகளுமே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த எண்ணம் வேரூன்றியதில் எனக்கும் பங்கு உண்டு. அதற்கு ஈடுசெய்வது போல இன்று ஒரு சிறு பெட்டியின் வரலாற்றைக் கூற விரும்புகிறேன். கையில் தூக்கிச் செல்லத்தக்க சிற்றலை வானொலிப் பெட்டியே அது. எங்கள் ஊரார் காதுகளுக்கு அந்தப் பெட்டி என்ன கற்றுக்கொடுத்தது, அந்தப் பாடத்தை ஆசிரியனாகிய நான் எவ்வளவு தாமதமாகக் கற்றேன் என்பதே இப்பேச்சின் பொருள்.

எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரி. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில், படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையில் இருக்கிறது. இன்று அச்சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசை வரிசையாகச் செல்கின்றன. நான் சிறுவனாக இருந்த 1960-களில் ஏரிப் பாசனமும் நெல் வயல்களுமே எங்கள் உலகம். வெளியுலகச் செய்தி எங்களுக்கு மூன்று வழிகளில் வந்தது. ஒன்று, தபால்காரர்; மற்றொன்று, தேநீர்க் கடைக்கு வரும் பத்திரிகை; மூன்றாவது, பஞ்சாயத்து ரேடியோ. மாலை வேளையில் அதன் ஒலிபெருக்கியில் சென்னை நிலையம் பேசும். ஊர் முழுவதும் கேட்கும். கேட்டதற்கு மறு பேச்சு இல்லை. அது ஒன்றே குரல்.

அந்தக் குரலும் எளிதில் வந்துவிடவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ஆம் ஆண்டு சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. அதே ஆண்டு ஜூலை 31-இல் அச்சங்கம் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோகவே, அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை நகராட்சி மன்றத்தின் கைக்கு வந்தது. மன்றம் 1930 ஏப்ரல் 1 முதல் ஒலிபரப்பை நடத்தியது. 1938 ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு மே 16-இல் திருச்சி நிலையமும் பிறந்தன. ஆயினும் வானொலிப் பெட்டி அப்போது ஒரு மரப் பேழை. உள்ளே கண்ணாடி வால்வுகள் எரியும்; அதற்கு மின்சாரம் வேண்டும்; மேசையைவிட்டு நகராது.

இவ்விடத்தில் சிறிது விஞ்ஞானம் தேவைப்படுகிறது. வானொலி அலை ஒளியின் வேகத்தில், வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோ மீட்டர் செல்வது. 25 மீட்டர் நீளமுள்ள அலை வினாடிக்கு 1 கோடியே 20 இலட்சம் முறை அதிர்கிறது. பகலில் மத்திய அலை நிலத்தை ஒட்டிச் சென்று சில நூறு கிலோ மீட்டருக்குள் மெலிந்துவிடும். சிற்றலையோ மேல்நோக்கிச் சென்று, விண்ணில் கதிரவனின் ஒளியால் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகளில் மோதித் திரும்பி, மீண்டும் நிலத்தில் மோதி, இப்படித் தாவித் தாவிக் கண்டம் கடக்கும். அவ்வடுக்கு உண்டென்று 1924-இல் சோதனையால் காட்டியவர் ஆப்பிள்டன். அதன்பொருட்டு 1947-இல் நோபல் பரிசு பெற்றார். கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா அத்துறையில் அரும்பணி ஆற்றினார். இலண்டனிலிருந்து சென்னை ஏறத்தாழ 8,000 கிலோ மீட்டர். அத்தொலைவைத் தாண்டி வரும் குரலுக்கு எந்த எல்லைச் சாவடியும் இல்லை. சிற்றலையின் பெருமையும் ஆபத்தும் இந்த ஒன்றில் அடங்கும்.

இரண்டாம் உலகப் போரில் அது வெளிப்பட்டது. 1941 மே மாதம் பி.பி.சி. தமிழில் பேசத் தொடங்கியது. அச்சேவைக்குப் பின்னாளில் ‘தமிழோசை’ என்று பெயர் சூட்டியவர் யாழ்ப்பாணத்துச் சோ. சிவபாதசுந்தரம். 1942 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து ஆசாத் ஹிந்த் வானொலி ஒலிக்கத் தொடங்கியது. அவ்வாண்டு மார்ச்சில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் இறந்துவிட்டார் என்று பிரிட்டிஷ் தரப்பிலிருந்து செய்தி பரவியது. காந்தியடிகளே அவருடைய அன்னைக்கு இரங்கல் தந்தி அனுப்பினார். ஆனால் சில நாட்களில் நேதாஜியின் குரலே சிற்றலையில் எழுந்தது. இறந்ததாகச் சொல்லப்பட்டவர், தாம் உயிருடன் இருப்பதைத் தம் வாயாலேயே சொன்னார். ஆகஸ்டில் பம்பாயில் உஷா மேத்தாவும் தோழர்களும் காங்கிரஸ் வானொலியை மறைவாக நடத்தினர்; 42.34 மீட்டரில் அது பேசியது. நவம்பர் 12-இல் போலீசாரிடம் சிக்கும்வரை அக்குரல் ஓயவில்லை.

இவையெல்லாம் வசதி படைத்தோர் வீட்டு மேசைகளில் கேட்டவை. சிற்றலையைச் சிற்றூருக்குக் கொணர்ந்தது டிரான்சிஸ்டர். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1947 டிசம்பரில் அது பிறந்தது. 1954-இல் சட்டைப்பையில் அடங்கும் வானொலி அங்கே கடைக்கு வந்தது. ஆனால் அது மத்திய அலை மட்டுமே கேட்கும். 1957-இல் ஜெனித் நிறுவனத்தார் பல சிற்றலைப் பட்டைகள் கொண்ட டிரான்சிஸ்டர் பெட்டியை வெளியிட்டனர். வால்வின் வெப்பம் போயிற்று, மின்கம்பி போயிற்று, சில பேட்டரிக் கட்டைகள் போதும் என்றாயிற்று.

நம் நாட்டில் அதே காலத்தில் வேறொரு காரணமும் சேர்ந்தது. 1952-இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் செவிச்சுவையைக் கெடுக்கின்றன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அவை அருகின. இலங்கை வானொலியோ 1950-இல் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்கென நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க சிற்றலைக் கருவி அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. நம் மக்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினர். மயில்வாகனம் போன்ற அறிவிப்பாளர்களின் பெயர் தமிழகத்து வீடுகளில் உறவினர் பெயர் போலப் புழங்கியது. 1957 அக்டோபர் 3-இல் விவித பாரதி பிறந்ததற்கு இப்போட்டியும் ஒரு காரணம். கேட்பவனுக்கு இன்னொரு குரல் கிடைத்தால், முதற்குரலும் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1982-இல் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. முதல் சில மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு மத்திய அலையும் இரண்டு சிற்றலையும் உள்ள பெட்டி ஒன்றை வாங்கினேன். அக்காலத்தில் வானொலி வைத்திருக்க உரிமம் வேண்டும். அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டி அதற்குரிய புத்தகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். 1980-களிலேயே அவ்வழக்கம் ஒழிந்தது.

சிற்றலை கேட்பது பொறுமைக்குப் பயிற்சி. நிலையங்கள் நெருங்கி நிற்கும். முள்ளை மயிரிழை நகர்த்தினால் ஒருவர் போய் மற்றொருவர் வந்துவிடுவார். குரல் ஏறும், இறங்கும், கடலிரைச்சலில் மூழ்கி மீண்டும் எழும். பகலில் 25 மீட்டரில் தெளிவாகக் கேட்பவர் நள்ளிரவில் மறைவார். 41 மீட்டரில் வேறொருவர் எழுவார். பக்கத்துக் கொல்லையில் பம்புசெட்டு ஓடினால் பெட்டி கரகரக்கும். வேப்பமரத்துக் கிளைக்கு ஒரு செப்புக் கம்பியை இழுத்துக் கட்டி, அதன் நுனியை ஏரியலில் சுற்றுவோம். பேட்டரிக் கட்டை தளர்ந்தால் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு நாள் ஓட்டுவோம்.

ஒரு குறிப்பேடும் வைத்திருந்தேன். நாள், நேரம், மீட்டர், நிலையம், கேட்ட செய்தி ஆகியவற்றை எழுதுவேன். அதைக் கடிதமாக அனுப்பினால் நிலையத்தார் சரிபார்த்துப் பட அட்டை ஒன்று அனுப்புவர். அக்கடிதத்துக்கென உலகெங்கும் ஒரு மரபு உண்டு. அலையின் வலிமை, பிற நிலையத்தின் குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்ற ஐந்துக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட வேண்டும். என்ன கேட்டோம் என்பதோடு, எவ்வளவு நன்றாகக் கேட்டோம் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வரலாற்று ஆசிரியன் சான்றுகளை எடைபோட வேண்டிய முறையும் இதுவே. ஆனால் அந்த முறை என் கைக்குத்தான் வந்திருந்தது, மனத்துக்கு வரவில்லை.

1984 அக்டோபர் 31. அன்று காலை பிரதமர் இந்திரா காந்தி டில்லியில் அவருடைய இல்லத்திலேயே சுடப்பட்டார். நான் பள்ளியில் இருந்தேன். என் பெட்டி வீட்டில் இருந்தது. கடைசிப் பாடவேளையில் மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அம்மையார் இறந்துவிட்டார்களாம், லண்டன் ரேடியோவில் சொன்னதாக எங்கள் அண்ணன் சொன்னார்” என்றான். வகுப்பு திடுக்கிட்டது. எனக்குச் சினம் வந்தது. “நம் வானொலி சொல்லாததை நீ எப்படிச் சொல்லலாம்? வதந்தி பரப்பாதே!” என்று கடிந்து, பாடவேளை முடியும்வரை அவனை நிற்க வைத்தேன். மாலை 6 மணிக்கு அகில இந்திய வானொலி அம்மையாரின் மறைவை அறிவித்தது. பி.பி.சி. பல மணி நேரம் முன்பே அதைச் சொல்லியிருந்தது.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆட்சிப் பொறுப்பில் இருந்தோர் அமைதி கருதித் தயங்கியிருக்கலாம். அதை நான் பழிக்கவில்லை. ஆனால் என் தவறு வேறு. அந்தப் பையன் செய்தியை மட்டும் சொல்லவில்லை; யார் சொன்னார், எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னான். நான் வகுப்பில் போதித்த முறையை அவன் கடைப்பிடித்தான். போதித்த நானோ மறந்தேன். “லண்டன் இவ்வாறு சொல்கிறது, டில்லி இன்னும் சொல்லவில்லை, பொறுத்துப் பார்ப்போம்” என்பதன்றோ நேரிய விடை? துக்க விடுமுறை கழிந்து பள்ளி திறந்த நாளில், எல்லோர் முன்னிலையிலும் அவனிடம், “தம்பி, நீ சொன்ன முறை சரி, நான் கடிந்தது தவறு” என்று சொன்னேன். ஆசிரியன் மாணவனிடம் அவ்வாறு சொல்வது அந்நாளில் வழக்கமில்லை. சொன்னபின் என் மதிப்புக் குறைந்ததாகவும் தெரியவில்லை.

அதே நாளில், மேற்கு வங்கத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த இராஜீவ் காந்தி டில்லிக்கு விரைந்து திரும்பினார். தம் தாயின் நிலையை அறிய வழியில் அவரும் பி.பி.சி. செய்தியையே நாடினார் என்பதைப் பின்னர்ப் படித்தேன். வானொலி அவருக்குப் புதிதன்று, வி.யு.2 ஆர்.ஜி. என்ற அழைப்புக் குறியுடன் உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் அவர். அவரும் 1991 மே 21-இல் எங்களுக்கு அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரில் உயிர் நீத்தார். அங்குள்ள நினைவிடத்தைக் கடக்கும்போதெல்லாம், காரில் அமர்ந்து ஒரு சிறு பெட்டியில் தாயைப் பற்றிய செய்தியைத் தேடிய மகனின் நிலை என் நெஞ்சில் எழும்.

அயல் நிலையம் என்றாலே மெய் பேசும் என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. 1942-இல் நேதாஜியை இறந்தவராக்கிய செய்தி எங்கிருந்து வந்தது என்பதை மறக்க வேண்டா. ஒருமுறை அங்கே பிழை. மறுமுறை இங்கே தயக்கம். இரண்டையும் கேட்டவனுக்கே பிழையும் தெரிந்தது, தயக்கமும் தெரிந்தது. சொல்பவரைப் பாராமல் சொல்லப்பட்டதை ஆராய்வதே அறிவு என்று வள்ளுவர் வகுத்ததும் இதனையே.

காலம் மாறிவிட்டது. 2006 முதல் 2014 வரை ஸ்ரீபெரும்புதூரில் இயங்கிய நோக்கியா ஆலையிலிருந்து கோடிக்கணக்கான கைப்பேசிகள் உலகெங்கும் சென்றன. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இன்று இலண்டன் செய்தியைக் கைப்பேசியிலேயே காண்கின்றனர். பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30-இல் விடைபெற்றது. என் பெட்டியின் முள் இன்று நகரும் இடமெல்லாம் பெரும்பாலும் இரைச்சலே.

எனினும் பழைய கருவிக்குரிய தனிச் சிறப்பு அழிந்துவிடவில்லை. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளரும் அவர் குழுவினரும் சிற்றலையில் நாட்டின் பிற பகுதிகளுடன் தொடர்பை ஏற்படுத்தினர். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் எங்கள் வட்டாரத்து ஏரிகள் நிரம்பி வழிந்து, அடையாறு பெருக்கெடுத்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசிகள் ஓய்ந்தன. பரணிலிருந்து என் பெட்டியை இறக்கிப் புதுக் கட்டைகள் போட்டுத் திண்ணையில் வைத்தேன். சிற்றலை கூட வேண்டியிருக்கவில்லை. சென்னை நிலையத்தின் மத்திய அலையே போதுமானதாயிற்று. தெருவே சுற்றி நின்று கேட்டது. கோபுரமும் கணக்கும் கட்டணமும் வேண்டாமல், யார் கேட்கிறார் என்றும் அறியாமல், எல்லோர்க்கும் ஒன்றுபோல் வருவது வானொலி அலை ஒன்றே.

மாணவச் செல்வங்களே, நீங்கள் சிற்றலைப் பெட்டி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முள்ளைத் திருப்பும் அந்தப் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அன்று நாங்கள் விரும்பித் தேடினால்தான் இரண்டாம் குரல் கிடைத்தது. இன்று ஆயிரம் குரல்கள் தாமாக வருகின்றன. ஆயினும் அவற்றுட் பல ஒரே குரலின் எதிரொலிகளே. ஒரு செய்தி வந்தால் யார் சொன்னார், எப்போது சொன்னார், அதை வேறு யார் சொல்கிறார், எவ்வளவு தெளிவாகக் கேட்டோம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள். அன்று வகுப்பில் எழுந்து நின்ற அந்தப் பையன் அதைத்தான் செய்தான். அவனை நிற்க வைத்த ஆசிரியனின் வேண்டுகோள் இது.